குதிரைப் பந்தயத்தில் சந்தேகப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் சென்னையில் பதினோரு வருடம் ரேஸ் டோட் (பந்தயப் பணம் கட்டும்) கவுன்ட்டரில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவன். இந்த விஷயம் ஊரில் எப்படியோ பரவிவிட்டது. ஆதார் நகல் எடுக்க வருகிறவர்கூட கையில் இருக்கும் போனை நீட்டி, "இதைக் கொஞ்சம் பாருங்கண்ணே, பேசி வச்ச ரேஸாம்" என்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, இந்தக் கூட்டம் இரண்டு மடங்காகிவிடும். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி முடியவில்லை என்பதால் எழுதி வைத்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"சந்தேகத்துக்குரிய பந்தயம்னு பேப்பர்ல போடுறாகளே, அப்படின்னா என்ன அண்ணே?"

ஒரு குதிரை இதற்கு முன் எப்படி ஓடியது, இன்று எவ்வளவு எடை சுமக்கிறது, ஜாக்கி யார், எத்தனை மீட்டர் ஓட்டம் என்பதையெல்லாம் பார்த்தால் அதன் மேல் ஏறக்குறைய எவ்வளவு பணம் விழும் என்று சொல்லிவிடலாம். அந்தக் கணக்கோடு ஒட்டாமல் பணம் வந்தால் அது சந்தேகத்துக்குரியது. குற்றம் நடந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஏன் இப்படி வந்தது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

பாம்பனில் மீன் ஏலம் நடக்கிறது. எல்லோரும் கிலோ 300 என்று நிற்கிற மீனை ஒருவர் மட்டும் 500-க்குக் கேட்கிறார். அவர் கையில் வெளியூர் ஆர்டர் இருக்கலாம். புதிதாக ஏலத்துக்கு வந்தவராக இருக்கலாம். மற்றவர்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். மூன்றில் எது என்பது அந்த 500 என்ற எண்ணைப் பார்த்து மட்டும் தெரியாது.

"ஒன்றுக்கு நாலு, ஒன்றுக்குப் பத்துன்னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?"

ஒன்றுக்கு நாலு என்றால், நூறு ரூபாய் கட்டி ஜெயித்தால் 400 லாபம், கட்டிய நூறும் திரும்ப வரும். ஐந்து தடவை ஓடினால் ஒரு தடவை ஜெயிக்கும், அதாவது 20 விழுக்காடு வாய்ப்பு என்று சந்தை நினைக்கிறது. ஒன்றுக்குப் பத்து என்றால் வாய்ப்பு சுமார் 9 விழுக்காடு. ஒரு ரேஸில் ஓடும் எல்லாக் குதிரைகளுக்கும் இப்படிப் போட்டுக் கூட்டிப் பாருங்கள், நூறைத் தாண்டும். தாண்டுகிற பகுதிதான் புக்கியின், அதாவது பந்தயப் பணம் வாங்குகிறவரின், பிழைப்பு.

பணம் ஒரு குதிரை மேல் விழ விழ அதன் ஆட்ஸ், அதாவது ஒன்றுக்கு இத்தனை என்ற இந்த விலை, குறையும், மற்றவற்றுக்கு ஏறும். எல்லோரும் ஜெயிக்கும் என்று நம்புகிற பேவரைட் குதிரைகூட மூன்று ரேஸுக்கு ஒன்றுதான் ஜெயிக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

"டோட்டுக்கும் புக்கிக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்று இல்லை. இது புரிந்தால் பாதிக் கேள்வி தானாகவே காணாமல் போகும். புக்கி உங்களோடு நேருக்கு நேர் பேசி ஒரு ஆட்ஸ் சொல்கிறார். நீங்கள் கட்டிய நிமிடத்தில் அந்த ஆட்ஸ் உங்களுக்கு உறுதி. டோட் அப்படி இல்லை, அது ஒரு பொது உண்டியல். எல்லோர் பணமும் அதில் விழும், கழிவு போக மீதியை ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். 1867-இல் பிரான்சில் ஜோசஃப் ஒல்லேர் என்பவர் கொண்டுவந்த முறை இது.

கணக்காகச் சொல்கிறேன். உண்டியலில் ஒரு லட்சம் இருக்கிறது. கழிவு 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம், மிச்சம் 80,000. உங்கள் குதிரை மேல் ஏற்கெனவே 10,000 இருந்தால் ஒரு ரூபாய்க்கு 8 ரூபாய் வரும். இப்போது உள்விஷயம் தெரிந்த நீங்கள் இன்னும் 10,000 போடுகிறீர்கள். மொத்தம் 1,10,000, கழிவு போக 88,000. அதை 20,000-ஆல் வகுத்தால் 4 ரூபாய் 40 காசு. தன் பணத்தாலேயே தன் லாபத்தைப் பாதிக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். அதனால்தான் விஷயம் தெரிந்தவர் பெரிய தொகையை டோட்டில் கொட்ட மாட்டார். கொட்டுகிறவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

"என்னென்ன மாதிரி பணம் வந்தா சந்தேகப்படுவாக?"

முதலில் பார்ப்பது ஆளை, அப்புறம்தான் தொகையை. எப்போதும் 200 ரூபாய் கட்டுகிற கணக்கிலிருந்து திடீரென்று இரண்டு லட்சம் வருகிறது, அதுவும் யாருமே கண்டுகொள்ளாத சின்ன ரேஸில் என்றால் அது கண்ணில் உறுத்தும். நேற்றுத் திறந்த கணக்குகள் பத்து, எல்லாம் ஒரே ஊர், எல்லாம் ஒரே குதிரை என்றால் இன்னும் உறுத்தும். நல்ல ஆட்ஸ் கிடைக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், எந்த விலையானாலும் சரி என்று கட்டிக்கொண்டே போவதும் ஒரு அடையாளம். பந்தயம் கட்டுகிறவன் விலை பார்ப்பான். முடிவு தெரிந்தவனுக்கு விலை ஒரு பொருட்டில்லை.

டிக்கெட் கட்டியிருக்கும் விதமும் காட்டிக்கொடுக்கும். ஜாக்பாட் மாதிரி பல ரேஸைச் சேர்த்துக் கட்டும்போது மனிதர்கள் சாதாரணமாக ஒரு ரேஸுக்கு இரண்டு மூன்று குதிரை என்று பரவலாகப் போடுவார்கள். சிலவற்றில் ஒரே குதிரை, மற்றவற்றில் ஓடுகிற அத்தனை குதிரையும் என்று ஒருவர் கட்டினால் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஏன் என்று கீழே அமெரிக்கக் கதையில் வரும்.

"குதிரை தோக்கும்னு கட்டிக்கூட சம்பாதிக்கலாமாமே, அது எப்படி?"

முடியும். 2000-இல் இங்கிலாந்தில் பெட்ஃபேர் தொடங்கிய பிறகு இது பெருகியது. அங்கே புக்கி நடுவில் கிடையாது. ஆளுக்கு ஆள் கட்டிக்கொள்ளும் சந்தை அது. "இந்தக் குதிரை ஜெயிக்கும்" என்று ஒருவர் சொன்னால், "ஜெயிக்காது" என்று எதிரில் இன்னொருவர் நிற்கலாம்.

ஒரு குதிரையை ஜெயிக்க வைப்பது கடினம், கூட ஓடும் மற்ற எல்லாவற்றையும் தோற்கடிக்க வேண்டும். தோற்க வைப்பது சுலபம். ஜாக்கி கொஞ்சம் இழுத்துப் பிடித்தாலோ, தாமதமாகக் கிளம்பினாலோ, வளைவில் வெளிப்பக்கமாகச் சுற்றி ஓட்டினாலோ போதும். அதனால்தான் அங்கே குதிரைச் சொந்தக்காரரும் பயிற்சியாளரும் தங்கள் குதிரை தோற்கும் என்று கட்டக்கூடாது என விதியே இருக்கிறது. காரணம் ஒன்றும் இல்லாமல் ஒரு பேவரைட்டின் ஆட்ஸ் ஏறிக்கொண்டே போனால் அதை முதலில் கவனிப்பார்கள். நம் ஆட்கள் ஆட்ஸ் குறைவதை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

"அப்ப நிஜமாவே யாராச்சும் செஞ்சு மாட்டியிருக்காகளா?"

நிறையப் பேர். எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியக் கதை. 1984 ஆகஸ்ட் 18, பிரிஸ்பேனில் ஈகிள் ஃபார்ம் மைதானம். ஃபைன் காட்டன் என்ற சாதாரணக் குதிரை ஓட வேண்டும். ஆட்ஸ் ஒன்றுக்கு 33. அதன் பெயரில் போல்ட் பெர்சனாலிட்டி என்ற நல்ல குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரண்டுக்கும் நிறம் வேறு, கால் அடையாளமும் வேறு. அதற்காகச் சாயம் பூசினார்கள், காலில் வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். ஆனால் பணம் பொறுமையாக இருக்கவில்லை. ஊர் ஊராக விழுந்து ஆட்ஸ் ஒன்றுக்கு மூன்றரைக்கு இறங்கியது. குதிரை ஜெயித்தது. கூட்டம் "ஆள்மாறாட்டம்" என்று கத்தியது, பரிசு இரண்டாவதாக வந்த குதிரைக்குப் போனது. தொண்டிக்கு வடக்கே ஆவுடையார்கோவில் பக்கம் போனால், மாணிக்கவாசகருக்காகச் சிவன் நரியைப் பரியாக்கிய கதையைச் சொல்வார்கள். அந்தக் குதிரைகளாவது ராத்திரி வரைக்கும் தாங்கின.

நம் மாவட்டத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் சின்ன மாட்டுப் பிரிவில் யாராவது பெரிய மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்தால் கோட்டருகே நிற்கிற பெரியவர் ஒருவரே கண்டுபிடித்துவிடுவார். குதிரையில் அந்தப் பெரியவரின் வேலையை இன்று மைக்ரோசிப்பும் டிஎன்ஏ பதிவும் செய்கின்றன. அதனால் இந்த வகை மோசடி குறைந்துவிட்டது.

இரண்டாவது, அமெரிக்கக் கதை. 2002 அக்டோபர் 26, பிரீடர்ஸ் கப் என்ற பெரிய ரேஸ் நாள். தொடர்ந்து ஆறு ரேஸில் ஜெயிக்கும் குதிரையைச் சொல்ல வேண்டிய பந்தயம். கடைசி ரேஸில் வோல்போனி என்ற குதிரை ஒன்றுக்கு 43 ஆட்ஸில் ஜெயித்துவிட்டது. யாருக்கும் கிடைக்காது என்று நினைத்தபோது ஒரே ஆளுக்கு ஆறு ஜெயித்த டிக்கெட், மதிப்பு 30 லட்சம் டாலருக்கு மேல். டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால் முதல் நான்கு ரேஸில் ஒரே ஒரு குதிரை, கடைசி இரண்டில் எல்லாக் குதிரையும். நான்கை மட்டும் தெரிந்துகொண்டு கட்டியது போல இருந்தது, உண்மையும் அதுதான். வெளியூர் மையங்களில் கட்டிய டிக்கெட்டின் விவரம் நான்காவது ரேஸ் முடிந்த பிறகுதான் மைய இயந்திரத்துக்குப் போகும். பந்தயக் கணினி நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் அந்த இடைவெளியில் உள்ளே புகுந்து நண்பரின் டிக்கெட்டை மாற்றிவிட்டார். மூன்று நண்பர்கள் சேர்ந்து செய்தது, மூவரும் சிறைக்குப் போனார்கள். வோல்போனி தோற்று ஒரு பேவரைட் ஜெயித்திருந்தால் பணத்தைப் பலர் பங்கிட்டிருப்பார்கள், இவர்களை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

"மாட்டாம ஜெயிச்சவக யாருமே இல்லையா?"

இருக்கிறார்கள், அதுவும் சட்டத்தை மீறாமல். 1975 ஜூன், அயர்லாந்தில் பெல்யூஸ்டவுன் என்ற சின்ன மைதானம். பார்னி கர்லி என்பவர் தன் குதிரை யெல்லோ சாம் மேல் நாடு முழுக்க இருந்த பந்தயக் கடைகளில் ஆள் விட்டுச் சின்னச் சின்னத் தொகையாகக் கட்டினார். கடைக்காரர்களுக்குச் சந்தேகம் வந்தால் மைதானத்துக்குப் போன் போட்டு அங்கே பணம் கட்டச் சொல்லி ஆட்ஸைக் குறைப்பார்கள். மைதானத்தில் இருந்ததோ ஒரே ஒரு பொதுத் தொலைபேசி. கர்லியின் ஆள் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு, சாகக் கிடக்கும் அத்தையோடு பேசுவதாக அரைமணி நேரம் போல நடித்தார். ஆட்ஸ் ஒன்றுக்கு 20-லேயே நின்றது. மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது.

குதிரையில் மோசடி இல்லை, அது உண்மையாகவே ஓடி ஜெயித்தது. ஆனால் முந்தைய ஓட்டங்களில் அது தன் திறமையைக் காட்டவில்லை. இது சாமர்த்தியமா, ஏமாற்றா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த அத்தை நடிப்புக்கே பாதிப் பணம் கொடுக்கலாம். பணத்தை இவ்வளவு கவனமாக ஒளித்ததைக் கவனியுங்கள். உண்மையான உள்விஷயம் இப்படித்தான் நடக்கும், உங்கள் போனுக்கு மெசேஜாக வராது.

"திடீர்னு பணம் விழுந்தாலே தப்புதானே? சும்மா எவன் கொட்டுவான்?"

சும்மா கொட்டுகிறவர்களை நான் பதினோரு வருடம் பார்த்திருக்கிறேன். ஒருநாள் கடைசி நிமிடத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து ஆறாம் நம்பர் மேல் கட்டுக் கட்டாக வைத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முகம் மாறியது. ஏழெட்டுப் பேர் தாங்கள் நினைத்து வந்த குதிரையை விட்டுவிட்டு ஆறுக்கு மாறினார்கள். குதிரை ஐந்தாவதாக வந்தது. ஏன் அதைக் கட்டினீர்கள் என்று அப்புறம் கேட்டதற்கு, பேத்தி பிறந்த தேதி என்றார். அந்த ஏழெட்டுப் பேர் இன்றுவரை அது பேசி வைத்த ரேஸ், கடைசியில் சொதப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நியாயமான காரணங்களும் உண்டு. மழை பெய்து தரை இளகியிருக்கும். போட்டிக் குதிரை விலகியிருக்கும். ஜாக்கி மாறியிருப்பார். காலைப் பயிற்சியில் நல்ல நேரம் எடுத்ததைப் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். ஒரு பெரிய கை கட்டினால் பார்த்தவர்கள் எல்லாம் பின்னால் ஓடுவார்கள், அந்த ஓட்டமே பெரிய அலை போலத் தெரியும்.

நீதிமன்றத்திலும் இது நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் பெயர் பெற்ற ஜாக்கி கீரன் ஃபாலன் மேல் 27 ரேஸ்களைக் காட்டி வழக்குப் போட்டார்கள். அவர் தோற்பார் என்று ஒரு கூட்டம் பெரும் பணம் கட்டியிருந்தது. ஆனால் அந்த ரேஸ்களில் அவர் வழக்கத்தைவிட அதிக விகிதத்தில் ஜெயித்திருந்தார். 2007 டிசம்பரில் வழக்கு நிற்காமல் அவர் விடுவிக்கப்பட்டார். பணம் போன திசையையும் குதிரை ஓடிய விதத்தையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் குற்றம்.

"ரேஸ் கிளம்பின பிறகு ஆட்ஸ் குறையுது. இது அப்பட்டமான திருட்டு இல்லையா?"

நல்ல கேள்வி, ரேஸ் பழகியவர்களே இதில் குழம்புவார்கள். டோட் பொது உண்டியல் என்று மேலே சொன்னேன். பல மையங்களிலிருந்து வரும் பணத்தைக் குதிரைகள் கிளம்பும் கதவு திறக்கும் முன் எடுத்து முடித்திருப்பார்கள், ஆனால் கூட்டிக் காட்டக் கொஞ்ச நேரம் ஆகும். திரையில் நீங்கள் பார்க்கிற மாற்றம், கிளம்பும் முன் கடைசி நொடிகளில் கட்டிய பணம். வெளிநாடுகளில் கணினி வைத்துக் கட்டும் பெரிய குழுக்கள் வேண்டுமென்றே கடைசி நொடிக்குக் காத்திருக்கும், அதனால் இறக்கம் இன்னும் பெரிதாகத் தெரியும். 2002 சம்பவத்துக்குப் பிறகு இந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் ஆட்ஸ் குறைந்தது என்பதை மட்டும் வைத்துத் திருட்டு என்று சொல்ல முடியாது.

"டெலிகிராம்ல ஒருத்தர் மூணு ரேஸ் வரிசையாச் சரியாச் சொன்னாரு காக்கா. நாலாவதுக்கு அஞ்சாயிரம் கேக்குறாரு. கட்டலாமா?"

கீழக்கரையிலிருந்து வந்த தம்பி கேட்டது (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்). அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. ஒருவரிடம் 512 பேரின் நம்பர் இருக்கிறது. எட்டுக் குதிரை ஓடும் ரேஸ். 64 பேருக்கு ஒரு குதிரை என்று பிரித்து எட்டையும் அனுப்புகிறார். ஏதோ ஒன்று ஜெயிக்கும், 64 பேர் அசந்துபோவார்கள். மற்ற 448 பேரை விட்டுவிடுவார். 64-ஐ மறுபடி எட்டாகப் பிரித்தால் 8 பேர். இன்னொரு ரேஸ், மிச்சம் ஒருவர். அந்த ஒருவருக்கு மூன்று ரேஸும் சரியாக வந்திருக்கும். "தம்பி, அந்த ஒருத்தர் நீங்கதான்" என்றேன். கொஞ்ச நேரம் ஜெராக்ஸ் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆட்ஸ் இறங்கின ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்காரே" என்று அடுத்துக் கேட்பார்கள். இறங்கிய பிறகு எடுத்த படம் அது. லாபம் இருந்தது பழைய விலையில், அது முடிந்துவிட்டது. அப்புறம், நிஜமாகவே முடிவு தெரிந்தவர் உங்களிடம் ஐந்தாயிரம் கேட்க மாட்டார். உங்களுக்குச் சொன்னால் நீங்களும் கட்டுவீர்கள், அவருக்கு விலை குறையும்.

"என் ஆப்ல மூணு நிமிஷத்துக்கு ஒரு ரேஸ் ஓடுது. எழுதி வச்சுப் பார்த்தா பேட்டர்ன் தெரியுதே?"

அதில் குதிரையே இல்லை. கணினி எண்ணைக் குலுக்கிப் படமாகக் காட்டுகிறது. ஜாக்கி, மழை, எடை என்று எதுவும் கிடையாது. நாலாம் நம்பர் மூன்று தடவை தொடர்ந்து வந்தால் அது குலுக்கலில் வரக்கூடியதுதான். ஒருவேளை அதை நடத்துகிறவரே மாற்றினாலும் உங்களுக்குத் தெரிய வழியில்லை. நோட்டுப் போட்டு எழுதுகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது, கையெழுத்து அவ்வளவு அழகு.

"குதிரை ரேஸ் சூதாட்டம் இல்லைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சே, அப்புறம் என்ன பயம்?"

சொன்னது உண்மை. தமிழ்நாடு 1974-இல் சட்டம் போட்டுப் பந்தயத்தை நிறுத்தப் பார்த்தது. 1996 ஜனவரி 12 தீர்ப்பில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது ரேஸ் கிளப் வளாகத்துக்குள் நடப்பதைப் பற்றிய பேச்சு. டீக்கடை மூலையில் சீட்டு எழுதுகிறவருக்கு அந்தத் தீர்ப்பு குடை பிடிக்காது. மேலே சொன்ன ஆப் பற்றி என்றால், 2025 ஆகஸ்ட்டில் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமலேயே தடுக்கிறது.

ஏன் இருட்டுப் பக்கம் போகிறார்கள் என்றால் வரி ஒரு காரணம். ரேஸில் கட்டும் முழுத் தொகை மேல் 28 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆகிவிட்டது. ஜெயித்த தொகை பத்தாயிரத்தைத் தாண்டினால் 30 விழுக்காடு வருமான வரிப் பிடித்தம். பணம் இருட்டில் போகப் போக, நான் மேலே சொன்ன அடையாளங்களைப் பார்க்க வேண்டியவர்கள் கண்ணில் எதுவும் படாது. கணக்கு இல்லாத இடத்தில் பேட்டர்ன் எங்கிருந்து வரும்?

"நான் பந்தயமே கட்டலை. தெரிஞ்சவர் கேட்டாருன்னு ஏடிஎம் கார்டைக் கொடுத்தேன். இப்ப பேங்க் கணக்கை முடக்கிட்டாக. என்ன செய்ய?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். இருட்டில் ஓடும் பந்தயப் பணத்துக்கு வங்கிக் கணக்கு வேண்டும். அதை மாதம் இவ்வளவு என்று வாடகைக்கு எடுக்கிறார்கள், மீன் விற்ற பணம் வரும் கணக்காக இருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. எங்கோ ஒருவர் புகார் கொடுத்தால் பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் வரும், வழியில் உங்கள் பெயர் இருக்கும். கட்டவில்லை என்பது உண்மையாக இருந்தாலும், கணக்கைக் கொடுத்ததற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் வங்கிக் கிளைக்குப் போய், எந்த ஊர்க் காவல் நிலையம் முடக்கச் சொன்னது, புகார் எண் என்ன, எவ்வளவு தொகை என்று எழுதிக் கேளுங்கள். கார்டை உடனே முடக்குங்கள். கார்டு வாங்கியவரோடு பேசிய வாட்ஸ்ஆப் உரையாடலை அழிக்காதீர்கள், கோபத்தில் எல்லோரும் முதலில் செய்கிற காரியம் அதுதான். நடந்ததை மறைக்காமல் ஒரு பக்கத்தில் எழுதி, கணக்கு விவரத்தோடு மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் கொடுங்கள். முடிந்தால் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். டிப்ஸ் ஆளிடம் பணத்தை இழந்தவராக இருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அன்றைக்கே போன் பண்ணுங்கள், நாள் கடந்தால் பணம் கைமாறிவிடும். கொடுக்கிற மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வையுங்கள். அந்தப் பிரதிக்கு நான் காசு வாங்குவதில்லை.